ஹார்ட் ஒர்க், லேபர், டாயில், கிரைண்ட்: எதை எங்க போடறது? அடிக்கடி கேக்கற கேள்விகள்

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல, சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடற வேலைங்க எனக்கு. அதனால "இத இங்கிலீஷ்ல எப்படிங்க சொல்றது"னு சொந்தக்கார பசங்கள்ல இருந்து லேத் பட்டறை அண்ணன் வரைக்கும் கேட்டுட்டே இருப்பாங்க. அதுல ஒழைப்பு சம்பந்தமா கேக்கறதுதான் ஜாஸ்தி, நம்ம ஊரு அப்படி. திரும்பத் திரும்ப வந்தத மட்டும் இங்க போட்டிருக்கேன். இங்கிலீஷ் வார்த்தைய எல்லாம் தமிழ்லயே அடிச்சிருக்கேன், ஸ்பெல்லிங் வேணும்னா டிக்‌ஷனரி பாத்துக்கோங்க.

எல்லாத்துக்கும் அர்த்தம் கடின உழைப்புதானுங்களே, எதுக்கு இத்தன வார்த்தை?

நம்மகிட்ட மட்டும் கம்மியா இருக்குதுங்களா? "பாடுபட்டு சம்பாரிச்சாரு"ன்னா மரியாத. "லொங்கு லொங்குனு ஓடறான்"னா பாவம். "இவங்கூட மாரடிக்கறேன்"னா வெறுப்பு. "மாடா ஒழைக்கறா"ன்னா அவளப் பத்தி மட்டும் இல்ல, அவள ஒழைக்க விட்டுட்டு திண்ணைல உக்காந்திருக்கறவனுக்கும் சேத்தி ஒரு குத்து. இங்கிலீஷ்லயும் அதே கததான். ஒரு வார்த்தைய போடறதுக்கு முன்னாடி இத மட்டும் பாருங்க: அது ஆளப் பத்தி பேசுதா, வேலையப் பத்தி பேசுதா, இல்ல அந்த ஆளு படற அவஸ்தையப் பத்தி பேசுதா. டிலிஜென்ட்ங்கறது ஆளுக்கு. லபோரியஸ்ங்கறது வேலைக்கு. டாயில்ங்கறது அவஸ்தைக்கு. இத மாத்திப் போட்டா பாராட்டறதா நெனச்சு எழுதுனது திட்டா போய் நிக்கும், எழுதுனவருக்கு கடைசி வரைக்கும் ஏன்னே தெரியாது.

ஹார்ட் ஒர்க் ஒரே வார்த்தையா சேத்தி எழுதலாமுங்களா? ஹார்ட்லினு போட்டா இன்னும் நல்லா இருக்குமா?

ரெண்டு வார்த்தைங்க, நடுவுல இடம் விடோணும். ஆளுக்கு அடைமொழியா வரப்ப ஹார்ட்வொர்க்கிங்னு சேத்தலாம், இல்ல நடுவுல சின்ன கோடு போட்டுக்கலாம். முன்னாடி "எ" போடாதீங்க, அது எண்ண முடியாத சாமான். "ஐ ஹேவ் எ ஒர்க்"னு தெனமும் போன்ல கேக்கறமே, அதுவும் இதே தப்புதான், "சம் ஒர்க்"னு சொல்லோணும். கடைசில எஸ் சேத்தி ஒர்க்ஸ்னா பட்டறை, ஃபேக்டரினு அர்த்தம், கணபதி பீளமேடு பக்கம் போர்டுல "இன்ஜினியரிங் ஒர்க்ஸ்"னு எழுதியிருக்கறது முழுக்க கரெக்ட்.

ஹார்ட்லி பக்கமே போகாதீங்க. "ஐ ஒர்க்ட் ஹார்ட்லி"னு எழுதுனா படிக்கறவங்களுக்கு "வேலையே பெருசா செய்யல"னுதான் விழும். ஹார்ட்ங்கறதே போதும், லி வேண்டாம்.

"கஷ்டப்பட்டு வேலை செய்யறேன்"ங்கறத அப்படியே "வித் டிஃபிகல்ட்டி"னு போடலாமா?

போட்டா மாட்டிக்குவீங்க. தமிழ்ல கஷ்டம்ங்கற ஒரே வார்த்தைய ரெண்டு எடத்துக்கு வெச்சுருக்கோம். பொண்ணு கஷ்டப்பட்டு படிச்சு டாக்டரானா, இது முயற்சி. தாத்தா கஷ்டப்பட்டு படியேறுனாரு, இது முடியாம ஏறறது. இங்கிலீஷ்காரன் வித் டிஃபிகல்ட்டினா ரெண்டாவதத்தான் நெனைப்பான். ரெஸ்யூம்ல "ஐ ஒர்க் வித் டிஃபிகல்ட்டி"ன்னா இந்த ஆளுக்கு வேலை வராது போலனு ஓரமா வெச்சிருவாங்க. ஸ்ட்ரகிளும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். "ஐ ஸ்ட்ரகிள்ட் வித் மேத்ஸ்"னா கணக்கு வரலைனு அர்த்தம், விழுந்து விழுந்து படிச்சேன்னு இல்ல.

லேபரா, லேபர்ஸா, லேபரரா? ஆபீஸ் மெயில்ல எத போடறது?

இதுக்கு கொஞ்சம் நீளமா சொல்லோணுங்க, ஏன்னா நம்ம ஊர்ல காசு இதுலதான் இருக்குது.

ஷிப்மென்ட் நெருங்குது, சரக்கு இன்னும் செக்கிங் டேபிள்லயே கெடக்குது, பையர் கேக்கறான், ஆர்டர பாத்துக்கற மெர்ச்சண்டைசர் தம்பி பயத்துல இப்படி ஒரு மெயில் அடிக்கறாருனு வெச்சுக்கோங்க: "அவர் லேபர்ஸ் ஆர் டாயிலிங் டே அண்ட் நைட் டு ஃபினிஷ் யுவர் ஆர்டர்." தம்பி மனசுல இருக்கறது "உங்களுக்காக உசுரக் குடுத்து பண்றோம்"ங்கறது. அந்தப்பக்கம் படிக்கறவங்க தலைல ஓடறது வேற. டே அண்ட் நைட்டுன்னா ஓவர்டைம் எத்தன மணி நேரம்? டாயிலிங்னா ஆளுங்கள வதைக்கறாங்களா? மெயிலு அப்படியே, தொழிலாளர் ரூல் எல்லாம் ஒழுங்கா நடக்குதானு பாக்கற கம்ப்ளையன்ஸ் டீமுக்கு ஃபார்வர்ட் ஆகும், அடுத்து ஆடிட்காரங்க டைம் கார்டு கேப்பாங்க. ஸ்வெட்ஷாப்னு ஒரு வார்த்தை இருக்குது, கம்மி கூலிக்கு ராத்திரி பகலா வேர்வை சிந்த வைக்கற கம்பெனிக்கு சொல்றது. எந்த பிராண்டும் தம்பேரு பக்கத்துல அந்த வார்த்தை வரக்கூடாதுனு பயப்படும். நம்ம ஒன்னரை ஷிப்டு நமக்கு சாதாரணம், ஆனா ஓவர்டைமுக்கு டபுள் ரேட் குடுக்கோணும்ங்கறது 1948 தொழிற்சாலைச் சட்டத்துல இருந்தே வர்ற ரூலு, ஆடிட் பண்றவங்க அத மனப்பாடமா வெச்சிருப்பாங்க.

அப்புறம் அந்த லேபர்ஸ். லேபர்ங்கறது உழைப்பு, இல்லீனா ஒட்டுமொத்தமா தொழிலாளர் கூட்டம். "லேபர் கெடைக்க மாட்டேங்குது"னு நாம சொல்றமே அந்த எடத்துல சரி. ஆளா எண்ணறப்ப லேபரர்னு வரும், அதுவும் மண்ணு, கல்லு சுமக்கற மாதிரி உடம்ப வெச்சு செய்யற வேலைக்கு. பேட்லாக் மெஷின்ல தைக்கற டெய்லரையும் செக்கிங் அக்காவையும் லேபரர்னு எழுதறது எனக்கு புடிக்காதுங்க, அவங்க கைல தொழிலு இருக்குது. ஆப்பரேட்டர், செக்கர், மொத்தமா ஒர்க்கர்ஸ்னு எழுதுங்க. டெய்லருக்கு கூட நின்னு ஒத்தாச பண்ற கைமடி புள்ளைங்கள ஹெல்பர்னு போடலாம்.

மெயில எப்படி மாத்தறது? "அவர் டீம் இஸ் ஒர்க்கிங் ஹார்ட் டு மீட் தி ஷிப்மென்ட் டேட்"னு ஒரு வரி போட்டு, எத்தன தையல் லைன் சேத்திருக்கீங்க, எத்தன பீஸ் முடிஞ்சுதுனு கணக்க போட்டுருங்க. பையருக்கு வேண்டியது கணக்குதான்.

இன்னொரு விசயம், பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல லேபர்ல ஒரு "யு" வரும், அமெரிக்கால வராது. ஆஸ்திரேலியால பொதுவா யு போட்டுத்தான் எழுதுவாங்க, ஆனா அங்க இருக்கற லேபர் கட்சி மட்டும் தன் பேர்ல யு இல்லாம எழுதும். பையர் எந்த நாடோ அந்த ஸ்பெல்லிங். ஆஸ்பத்திரில லேபர் வார்டுனு இருக்கறதும் இதே வார்த்தைதான், பிரசவ வலிக்கும் பேரு லேபர்.

டாயில்னா அவ்வளவு மோசமான வார்த்தையா? கவிதைல எல்லாம் வருதே.

மோசம் இல்லீங்க, கனமான வார்த்தை. ரொம்ப நாளா, ஒடம்பு நோக, ஓயாம செய்யற வேலை. வார்த்தையோட பூர்வீகத்த பாத்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும். லத்தீன்ல ஆலிவ் காய நசுக்கற செக்குக்கு இருந்த பேர்ல இருந்து கிளம்பி, பிரெஞ்சு வழியா வந்து, மொதல்ல சண்டை சச்சரவுனு அர்த்தம் இருந்து அப்புறம்தான் உழைப்புக்கு வந்துச்சு.

செக்குன்னதும் கோயமுத்தூர்க்காரங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வந்தாகோணும். 1908ல வ.உ.சி.க்கு தண்டனை குடுத்து கோவை ஜெயில்லதான் போட்டாங்க, அங்கதான் மாட்டுக்கு பதிலா அவர செக்கு இழுக்க வெச்சாங்க. அந்த செக்கு இப்ப சென்னை கிண்டி காந்தி மண்டபத்துல இருக்குது. அவரு செஞ்சதுக்கு சட்டத்துல இருந்த பேரு ஹார்ட் லேபர். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 53ம் பிரிவுல ரிகரஸ் இம்ப்ரிசன்மென்ட்னா ஹார்ட் லேபரோட சேந்ததுனே எழுதியிருக்கும், நாம கடுங்காவல்னு சொல்றது அதத்தான். அதனால ஹார்ட் ஒர்க்கும் ஹார்ட் லேபரும் ஒண்ணுனு நெனச்சு "ஐ பிலீவ் இன் ஹார்ட் லேபர்"னு இன்டர்வியூல சொல்லிராதீங்க.

1940 மே மாசம் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் பார்லிமென்ட்ல பேசுனப்ப ரத்தம், டாயில், கண்ணீர், வேர்வைனு நாலு சொன்னாரு. ஜனங்க வாய்ல அது "ப்ளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்"னு மூணா தேஞ்சு போச்சு, விட்டுப்போனது டாயில்தான். ஒழைக்கறவங்கள மறந்துடறது எல்லா ஊர்லயும் வழக்கம்தான் போல!

சரி, எங்க போடலாம்? மேடைப் பேச்சு, நினைவஞ்சலி, கட்டுரை. ஒரு புள்ள வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கு எழுதற கட்டுரைல "மை பேரன்ட்ஸ் டாயில்ட் டு எஜுகேட் மீ"னு போடலாமானு கேட்டுச்சு. தப்பில்ல, ஆனா ஆயிரம் பேரு அதே வரிய எழுதியிருப்பாங்க. சோமனூர் பக்கம் தறி ஓட்டற வீடுன்னா, ராத்திரி ஷிப்டு முடிஞ்சு காத்தால அம்மா தல பூரா பஞ்சோட வந்து அடுப்பு பத்த வெச்சத எழுதுனா டாயில்ங்கற வார்த்தையே தேவைப்படாது.

டாயில் அண்ட் மாயில்னு ஜோடியா வரும். அந்த மாயில், நனையறது, சேத்துல பெரளறதுங்கற அர்த்தத்துல இருந்து வந்தது. கொடிவேரி தண்ணில கோபி பக்கம் நடவு நடறவங்களுக்கு விளக்கவே வேண்டாம்.

டிரட்ஜரி, கிரைண்ட், ஸ்லாக் மூணும் சலிப்பான வேலைதானே?

மூணுலயும் சலிப்பு இருக்குது, ஆனா மூணும் வேற வேற சலிப்பு.

டிரட்ஜரினா ருசியே இல்லாத வேலை, செஞ்சு முடிச்சாலும் ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க, நாளைக்கு காத்தால மறுபடியும் அப்படியே நிக்கும். பாத்திரம் கழுவறது, பீஸ்ல நூல் பிசிறு வெட்டறது, குனிஞ்சு களை எடுக்கறது. விவசாய ஆராய்ச்சி பண்றவங்க "டிரட்ஜரி ரிடக்‌ஷன்"னு ஒரு தனி விசயமாவே வெச்சிருக்காங்க, காட்டு வேலை செய்யற பொம்பளைங்களுக்கு முதுகு வலிக்காம களைக்கருவி, கதிரறுக்கற அருவானு செஞ்சு குடுக்கறது அதுல வரும். வேலைய டிரட்ஜரினு சொல்லலாம், ஆனா ஒருத்தர டிரட்ஜ்னு சொன்னா வசவு.

கிரைண்ட் நமக்கு சொல்லவே வேண்டாம், புவிசார் குறியீடு வாங்குன வெட் கிரைண்டர் ஊரு நம்முளுது. கல்லு சுத்துது, சுத்துது, எடத்த விட்டு நகராது, "டெய்லி கிரைண்ட்"னா அந்த மாதிரி பொழப்பு. காத்தால பஸ்சு, ஆபீசு, பொழுதோட பஸ்சு, மறுநாளும் அதே. ஆனா இப்ப பசங்க ஜிம்முல போட்டோ எடுத்து "ஆன் தி கிரைண்ட்"னு ஸ்டேட்டஸ் போடறாங்களே, அது பெருமையா சொல்றது, புது வழக்கம். பசங்களுக்குள்ள சரி, மேனேஜர்கிட்ட வேண்டாம்.

ஸ்லாக் கிரிக்கெட் பாக்கறவங்களுக்கு தெரியும். ஸ்லாக் ஓவர், ஸ்லாக் ஸ்வீப், அழகு பாக்காம ஓங்கி அடிக்கறது. வார்த்தைக்கு மொத அர்த்தமே அடிக்கறதுதான், அப்புறம்தான் விடாம முட்டி மோதி வேலை செய்யறதுக்கு வந்துச்சு. ஸ்லாக்குக்கு ஒரு முடிவு உண்டு. சி.ஏ. பரிட்சைக்கு வருசக்கணக்குல படிக்கறது லாங் ஸ்லாக், முடிஞ்சா முடிஞ்சுது. கிரைண்டுக்கு அது கெடையாது. அதனால புராஜெக்ட் முடிச்ச பார்ட்டில "இட் வாஸ் எ லாங் ஸ்லாக்"னு சொன்னா எல்லாரும் சிரிச்சுட்டே தலையாட்டுவாங்க, "இட் வாஸ் டிரட்ஜரி"னு சொன்னா மூஞ்சி சுண்டிரும்.

இங்கிலாந்துல இருக்கற மச்சான அவங்க மேனேஜர் "கிராஃப்டர்"னு சொன்னாராம். கைவினைக்காரனா?

இல்லீங்க, அது "சி"ல ஆரம்பிக்கற கிராஃப்ட். இது "ஜி"ல ஆரம்பிக்கறது, தமிழ்ல எழுதுனா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பிரிட்டன்ல ஹார்ட் கிராஃப்ட்னா நல்ல கடும் உழைப்பு, கிராஃப்டர்னா சலிக்காம வேலை செய்யற ஆளு. பெரிய பாராட்டுங்க. அமெரிக்கா போனா அதே வார்த்தைக்கு லஞ்சம், ஊழல்னு அர்த்தம்! மாமரத்துல ஒட்டு கட்டறதும் கிராஃப்டிங், தீக்காயத்துக்கு தோல் வெச்சு ஒட்டறதும் கிராஃப்ட். மச்சான் மான்செஸ்டர்ல இருக்கற வரைக்கும் சந்தோசப்படலாம்.

சைட் ஹஸில்ங்கறாங்களே, அது நல்லதா கெட்டதா?

டச்சுல குலுக்கறதுங்கற வார்த்தைல இருந்து வந்து, இடிச்சு தள்ளறது, ஏமாத்தி விக்கறதுனு எல்லாம் அர்த்தம் இருந்துச்சு. இப்ப சம்பள வேலை போக ஓரமா பண்ற தொழிலுக்கு சைட் ஹஸில்னு சாதாரணமா சொல்றாங்க. வயசானவங்ககிட்ட ஹஸ்லர்னு மட்டும் சொல்லாதீங்க, ஃபிராடுனு நெனைப்பாங்க, அதவிட மோசமாவும் நெனைப்பாங்க.

காலேஜ்ல சிபாரிசு லெட்டர் வாங்கறப்ப "சின்சியர் அண்ட் லபோரியஸ் ஸ்டூடன்ட்"னு எழுதி குடுக்கறாங்க. சரிதானுங்களா?

நம்ம ஊரு லெட்டர்ல இது ரொம்ப நாளா ஓடிட்டிருக்கற வரி. ரெண்டுமே சிக்கல்.

லபோரியஸ்ங்கறது அந்தக்காலத்துல ஆளுக்கும் சொன்னதுதான், இப்ப வேலைக்குத்தான் சொல்வாங்க, அதுவும் இழுத்தடிக்கற, வேர்த்து விறுவிறுத்து முடிக்கற வேலைக்கு. எழுத்து நடைக்கு சொன்னா "மூச்சு முட்டற மாதிரி எழுதியிருக்கான்"னு குறை. புள்ளைய லபோரியஸ்னு சொன்னா வெளிநாட்டு புரொபசருக்கு ஒண்ணும் புரியாது.

சின்சியர் நாம விசுவாசமா, ஒழுங்கா படிக்கறதுக்கு சொல்றோம். அவங்களுக்கு சின்சியர்னா மனசுல இருக்கறத சொல்றவன், போலி இல்லாதவன். நல்ல குணந்தான், ஆனா படிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

டிலிஜென்ட் போடுங்க. கவனமா, விடாம, பொறுப்பா செய்யற ஆளுனு அர்த்தம், லத்தீன்ல நேசிக்கறது, மதிக்கறதுங்கற வேர்ல இருந்து வந்தது. பேங்க்ல நெலத்துக்கு லோன் குடுக்கறதுக்கு முன்னாடி பத்திரம், வில்லங்கம் எல்லாம் பாக்கறாங்களே, டியூ டிலிஜென்ஸ், அதே கவனம்தான். இண்டஸ்ட்ரியஸ்னா சும்மா உக்காராத ஆளு, எப்பவும் ஏதாச்சும் செஞ்சுட்டே இருக்கறவங்க, அத இண்டஸ்ட்ரியல்னு எழுதிட்டா மோட்டார் பம்பு கம்பெனிக்கு போயிரும். அசிடுவஸ், பக்கத்துலயே உக்காந்திருக்கறதுங்கற அர்த்தத்துல இருந்து வந்தது, எடத்த விட்டு எந்திரிக்காம ஒட்டி உக்காந்து பண்றவங்களுக்கு. டி.என்.பி.எஸ்.சி.க்கு படிக்கறவங்க ஞாபகம் வெச்சுக்க நல்ல வழி, ஆனா லெட்டர்ல போட்டா டிக்‌ஷனரிய தேடி எழுதுன மாதிரி இருக்கும். என்னைய கேட்டா டிலிஜென்ட்னு ஒண்ண போட்டுட்டு அடுத்த வரில அந்த புள்ள என்ன பண்ணுச்சுனு எழுதோணும், லேப்ல மோட்டார் ஓடலைன்னா பிரிச்சு பாத்துட்டுத்தான் வீட்டுக்கு போவான்னு ஒரு வரி.

பெயின்ஸ்டேக்கிங்னா வலியோட செய்யறதா?

அந்த வார்த்தைய பிரிக்கோணும்னா பெயின்ஸ், டேக்கிங். பெயின்ஸ் எடுத்துக்கறதுன்னா மெனக்கெடறது, நுணுக்கமா கவனிக்கறது. பவானி ஜமக்காளத்துல ஒரு கோடு கூட பெசகாம நெய்யறது பெயின்ஸ்டேக்கிங். எஸ்ஸ விட்டுட்டு "ஐ டுக் பெயின்"னு சொல்லாதீங்க. ஸ்ட்ரெயின் வேற, தாங்கற அளவுக்கு மேல இழுத்து நரம்பு புடிச்சுக்கறது. "டோன்ட் டேக் ஸ்ட்ரெயின்"னு நம்ம ஊர்ல சொன்னா புரியும், வெளிய புரியாது.

இன்டர்வியூல "ஐ ஆம் எ வொர்க்ஹாலிக்"னு சொன்னா வேலை குடுப்பாங்களா?

அது ஆல்கஹாலிக்ங்கறத வெச்சு செஞ்ச வார்த்தைங்க, வேலைக்கு அடிமைனு அர்த்தம். வெய்ன் ஓட்ஸ்னு ஒரு அமெரிக்க மனநல எழுத்தாளர் 1970கள் வாக்குல பிரபலமாக்கி விட்டாரு, வியாதியா நெனச்சுத்தான் சொன்னாரு. ஒரு சில கம்பெனிக்கு அந்த வியாதி புடிக்கும், அங்க சேரலாமாங்கறத நீங்க யோசிச்சுக்கோங்க.

கூலிங்கறது இங்கிலீஷ்லயும் இருக்குதாமே, போடலாமா?

இருக்குது, நம்ம கூலிதான் போர்ச்சுகீசியர் வழியா போச்சுனு ஒரு கட்சி, குஜராத் பக்கம் கோலிங்கற சமூகத்தோட பேருனு இன்னொரு கட்சி. எப்படியோ, தென்னாப்பிரிக்கால அது இந்தியர்கள திட்டற வார்த்தை. எழுதாதீங்க, பேசாதீங்க. ரயில்வே ஸ்டேஷன்ல கூட போர்ட்டர்னு சொல்லுங்க.

அப்ப ஜாப் ஒர்க்?

அது உழைப்ப பத்தின வார்த்தையே இல்ல, கணக்கு வார்த்தை. அடுத்தவரு நூலு, நாம நெய்ஞ்சு குடுக்கறோம், அடுத்தவரு துணி, நாம சாயம் போட்டு குடுக்கறோம், அதுக்கு கூலி. 2017 ஜி.எஸ்.டி. சட்டத்துல இதுக்கு தனியா விளக்கமே இருக்குது. பல்லடத்துல எல்லாருக்கும் தெரியும், வெளிநாட்டு பையருக்கு எழுதறப்ப மட்டும் சப்கான்ட்ராக்ட்னு போடுங்க.

யூடியூப்ல மெஷின் ரிப்பேர் வீடியோல "எல்போ கிரீஸ்" போடச் சொல்றான். எந்த கடைல கெடைக்கும்?

லேத் பட்டறை அண்ணன் கேட்டதுங்க இது. எல்போன்னா முழங்கை. அழுத்தி தேய்ச்சு தேய்ச்சு செய்யற கை வேலைக்குத்தான் அந்த பேரு, 1600கள்ல இருந்தே இருக்குது. இங்கிலாந்து பட்டறைகள்ல புதுசா சேந்த பசங்கள எல்போ கிரீஸ் ஒரு டப்பா வாங்கிட்டு வாடானு கடைக்கு அனுப்பி வெளையாடறது வழக்கம். துரு போக உப்புக் காகிதம் வெச்சு நல்லா தேயுங்கண்ணா, அவ்வளவுதான் அவன் சொல்றது.